பறக்கும் அணிலும் மஞ்சள் சளியும்



இராஜஸ்தானில் சீதாமாதா என்று ஒரு காடு. 1979இல் அது வனவிலங்குச் சரணாலயம் ஆனது. அங்கே இலுப்பை மரங்கள் நிறைய. வடக்கே அதை மஹுவா என்பார்கள். மரப் பொந்துக்குள் ஓர் அணில் பகலெல்லாம் தூங்கும். இருட்டியதும் வெளியே வரும். உச்சிக்கு ஏறும். அங்கிருந்து குதிக்கும்!

அதுதான் பறக்கும் அணில். பெயர்தான் அப்படி. அதற்கு இறக்கை ஏது? முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே தோல் மடிப்பு உண்டு. கால்களை அகட்டினால், விரித்துப் பிடித்த வேட்டி போல் தோல் விரியும். காற்று தாங்கும். சறுக்கிக்கொண்டே போய் அடுத்த மரத்தைப் பிடிக்கும். ஒரே தாவலில் 50 மீட்டர் கூடக் கடக்கும். ஆனால் கீழ்நோக்கித்தான் வர முடியும். மறுபடி ஏற வேண்டும். நடுவில் மரங்களை வெட்டிவிட்டால் வழி அறுந்துபோகும்.

இனித் தரையைப் பாருங்கள். மழைக்காலத்தில், காட்டில் விழுந்து மக்கும் மரத்தின் மேல் சில சமயம் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கும். யாரோ மஞ்சள் கரைத்து ஊற்றியது போல இருக்கும். அது சளிப்பூஞ்சை. பெயரில் பூஞ்சை இருந்தாலும் பூஞ்சை அல்ல. செடியும் அல்ல, விலங்கும் அல்ல. உள்ளங்கை அகலம் இருந்தாலும் அதன் உடம்பு முழுவதும் ஒரே செல்தான்.

கண் இல்லை, காது இல்லை, மூளை இல்லை. ஆனாலும் இரை தேடி நகரும். மரத்தில் உள்ள நுண்கிருமிகளைத் தின்னும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அணிலின் அந்த 50 மீட்டரைக் கடக்க 5,000 மணி நேரம் ஆகும். அதாவது இரவு பகலாக 200 நாளுக்கு மேல்!

மூளை இல்லாததுதானே என்று நினைக்க வேண்டாம். 2000ஆம் ஆண்டில் ஜப்பானில் ஒரு சோதனை நடந்தது. சுற்றிச் சுற்றிப் போகும் பாதை ஒன்றில் சளிப்பூஞ்சையை விட்டார்கள். இரண்டு முனைகளில் தீனி வைத்தார்கள். முதலில் அது எல்லா வழியிலும் பரவியிருந்தது. பிறகு வீண் வழிகளை விட்டுச் சுருங்கியது. கடைசியில் மிகக் குறுகிய வழியில் மட்டும் நீண்டு கிடந்தது.

இரண்டுக்கும் வேண்டியது வயதான மரம். நின்றால் பொந்து, விழுந்தால் இரை. "பட்ட மரம்தானே, விறகுக்கு ஆகட்டும்" என்று வெட்டுகிறார்கள். அடுப்பு எரிய வேண்டும், அதுவும் உண்மைதான். ஆனால் பொந்து இருக்கிறதா என்று யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

வெயில் வந்தால் சளிப்பூஞ்சை காய்ந்து ஓடு போல் கிடக்கும். மழை பெய்ததும் மறுபடி நகரும். அணிலுக்கு அந்த வசதி இல்லை. பொந்து மரம் போய்விட்டால், விடிவதற்குள் அது வேறு பொந்து தேட வேண்டும்.