அமர்ந்திருப்பவனின் விரைவு

(சவ்வாது மலையில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியுள்ள இச் சவ்வாது மலையிலேதான் காவலூர் உள்ளது. 1968இல் சிறு தொலைநோக்கியொன்றுடன் தொடங்கிய அவ் வானாய்வகத்தில், 1986இல் 2.34 மீட்டர் அகலமுள்ள ஆடி பொருத்திய பெருந்தொலைநோக்கி இயங்கத் தொடங்கிற்று. அங்கு ஆயப்படுவன யாவை என்பதை நம் மலைப்பிள்ளைகளுக்குத் தமிழில் எடுத்துரைப்பார் மிகச் சிலரே. "இவையெல்லாம் தமிழில் அடங்கா, ஐயா!" என்று கல்லூரி ஆசிரியர் ஒருவர் என்னிடம் கூறினார். அவர் எடுத்துக்காட்டிய பொருளையே இன்று எடுத்துக்கொள்கிறேன்: காலமும் வெளியும் இணைந்த காலவெளியில் பொருள்கள் செல்லும் விரைவு.

ஒன்றை முன்னரே சொல்லிவிடுகிறேன். 'இவற்றை நம் முன்னோர் அன்றே மொழிந்துவிட்டனர்' என்று நம்மவர் சிலரும் மேடையில் முழங்குகின்றனர். மொழியவில்லை. 1905இல் ஐன்சுடைன் கண்டது இது. 1908இல், அவருக்குக் கணக்குக் கற்பித்த மின்கோவ்சுகி அதற்குக் காலவெளி வடிவம் தந்தார். பிறர் ஈட்டியதை நம் கணக்கில் எழுதுவதால் தமிழ் வளராது.

பொருளுக்கு வருவோம். ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 இலக்கம் கிலோமீட்டர் செல்கிறது. நின்று அளந்தாலும் விரைந்துகொண்டே அளந்தாலும் அவ்வளவு மாறுவதில்லை. ஆகவே, காலத்தை ஒளிவிரைவால் பெருக்கினால் அதுவும் ஒரு நீளமாகி, வெளியின் மூன்று அளவைகளோடு நான்காவதாக நிற்கிறது. இங்கு அமர்ந்திருக்கும் நீங்கள் வெளியில் நகரவில்லை. காலத்திலோ ஒளிவிரைவில் சென்றுகொண்டிருக்கிறீர்கள்!

எழுந்து விரைந்தால்? ஒளிவிரைவில் ஐந்தில் மூன்று பங்கு விரைவுடன் ஒரு விண்ணூர்தி செல்வதாகக் கொள்வோம். நம் மணிப்பொறியில் 5 மணி நேரம் கழிகிறது. அதற்குள் ஊர்தி கடந்த தொலைவு, ஒளி 3 மணி நேரத்தில் கடக்கும் தொலைவு. 5இன் இருபடி 25, 3இன் இருபடி 9, கழித்தால் 16, அது 4இன் இருபடி. ஊர்திக்குள் இருக்கும் மணிப்பொறி 4 மணி நேரமே காட்டும். கூட்டவில்லை, கழிக்கிறோம், மின்கோவ்சுகியின் வடிவியலுக்கு உயிர் அந்தக் கழித்தற்குறியே.

இனி, நாம் அளந்த 5ஐயும் 3ஐயும் ஊர்தியின் 4ஆல் வகுங்கள். காலக்கூறு 5/4, வெளிக்கூறு 3/4. அவற்றின் இருபடிகள் 25/16, 9/16. வேறுபாடு 1. அந்த ஒன்றே ஒளிவிரைவு. அமர்ந்திருப்பவனுக்குக் காலக்கூறு 1, வெளிக்கூறு சுழி. வேறுபாடு மீண்டும் 1. நத்தைக்கும் அதுவே, பாயும் கோளுக்கும் அதுவே.

சொல்லாக்கத்தில்தான் நான் இடறினேன். வேகம் வடசொல், விரைவு நம் சொல், திசையும் சேர்ந்தால் திசைவிரைவு. நான்கு கூறுடையதற்கு 'நாற்றிசை விரைவு' என்று கரும்பலகையில் எழுதினேன். "கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்குங்களா ஐயா?" என்றான் ஒரு மாணவன். அழித்துவிட்டு 'நாற்கூறு விரைவு' என்றெழுதினேன். ஊர்திக்குள் ஓடும் காலத்தைத் 'தன்காலம்' என்றேன். தன் என்பதன் னகரம் வல்லினத்தின்முன் றகரமாகத் திரியும் வழக்குண்டன்றோ! தற்காலம் என்றாகிவிட்டால் பொருளே கெட்டது. 'தன்பொழுது' என்றாலோ தற்பொழுதாகும். மெல்லினம் வரின் அவ்விடர் இல்லை: தன்+நேரம், தன்னேரம். நன்னூலை உருப்போட்டது இயற்பியலில் கைகொடுக்கும் என்று நான் எண்ணியதே இல்லை.

தன்னேரம் வெறுங்கணக்கா? விண்ணிலிருந்து வரும் துகள்கள் காற்றின் மேலடுக்கில் மோதுவதால், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் மியூவான்கள் பிறக்கின்றன. நொடியைப் பத்திலக்கம் பங்காக்கினால், ஓய்விலுள்ள மியூவானின் வாழ்நாள் நிரவலாக 2.2 பங்கு. ஒளிவிரைவிலேயே பாய்ந்தாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்கலாம். ஆயினும் இப்பொழுதும் உங்கள் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்றளவில் அவை பாய்ந்துகொண்டிருக்கின்றன. எப்படி வந்து சேர்ந்தன? நம் மணிப்பொறிப்படி அவ்வழிக்கு 50 பங்கு ஆகும். ஒளிவிரைவில் நூற்றுக்கு 99.8 அளவில், விரைவு குறையாது வரும் மியூவானுக்கோ தன்னேரத்தில் ஏறத்தாழ 3 பங்குதான்! இத்தகைய துகள் விரைந்து செல்கையில் அதன் வாழ்நாள் நீளும் என்று 1938இலேயே சுட்டியவர் ஓமி பாபா. இன்று நம் உதகையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 560 சதுர மீட்டர்ப் பரப்பில் கருவி அமைத்து மியூவான்களை எண்ணி வருகின்றனர்.

கூட்டத்தில் ஓர் இளைஞர், "ஒளியின் தன்னேரம் எவ்வளவு?" என்று எழுதி அனுப்பியுள்ளார். நல்ல வினா! 5 மணி நேரத்தில் ஒளி 5 கடக்கிறது. 25இல் 25 போனால் சுழி. காவலூர் ஆடியில் வந்து விழும் விண்மீனொளி எத்தனை ஆயிரம் ஆண்டு வழி வந்திருந்தாலும், அதன் தன்னேரம் சுழியே. சுழியால் வகுக்க இயலாது. ஆதலால் ஒளிக்கு நாற்கூறு விரைவு என ஒன்றை இவ்வழியில் வரையறுக்கவும் இயலாது.