பட்டியலில் யார் பெயர்?



அல்சூரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. பலருக்குத் திருவண்ணாமலை, ஆம்பூர், தருமபுரிப் பக்கம் சொந்த ஊர். சிலருக்கு அங்கே அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நிலமும் இருக்கும்.

நிலம் உள்ள விவசாயிக்கு மத்திய அரசு பணம் தருகிறது. அது பிரதம மந்திரி கிசான் திட்டம். 2019 பிப்ரவரியில் தொடங்கியது. வருடத்துக்கு 6,000 ரூபாய். மூன்று தவணையாக வங்கிக் கணக்குக்கு வரும். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம். குத்தகைக்கு உழுபவருக்கு இல்லை. வருமான வரி கட்டுபவருக்கும் இல்லை.

இது யார் பணம்? மக்கள் பணம். கூலி வேலை செய்பவர் சோப்பு வாங்கினாலும் அதில் வரி இருக்கிறது. ஆகவே, பணம் யாருக்குப் போகிறது என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

கேட்காவிட்டால் என்ன ஆகும்? 2020-ல் தமிழ்நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். அது கொரோனா காலம். அலுவலகக் கம்ப்யூட்டரின் ரகசியச் சொல் தரகர்கள் கைக்குப் போனது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்களை விவசாயி என்று சேர்த்தார்கள். தகுதி இல்லாதவர்கள் சுமார் 5.5 லட்சம் பேர். போன பணம் சுமார் 110 கோடி ரூபாய். கொரோனா உதவி என்று நம்பி ஆதாரும் பாஸ்புக்கும் கொடுத்த ஏழைகளும் அதில் இருந்தார்கள். பிறகு அரசு பணத்தைத் திரும்ப வாங்கியது. தரகருக்குக் கொடுத்த கமிஷன் திரும்பி வருமா?

யாருக்கு நிலம் உண்டு, யாருக்கு இல்லை? சென்னையில் இருக்கும் அதிகாரிக்கு அது தெரியாது. ஊர்க்காரருக்குத் தெரியும். பட்டியலை ஊரில் வைத்துப் படித்திருந்தால் தவறு அப்போதே தெரிந்திருக்கும்.

ராஜஸ்தானில் ஏழைத் தொழிலாளிகள் இதைத்தான் செய்தார்கள். அவர்கள் சங்கத்தின் பெயர் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மக்களைக் கூட்டினார்கள். அரசுக் கணக்கை உரக்கப் படித்தார்கள். பொய்க் கணக்கு எது என்று கேட்டவர்களுக்கே தெரிந்தது. இப்படிப் பல போராட்டங்கள் நடந்தன. 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? மானியத்துக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, பயன் பெற்றவர் யார் என்பதை அலுவலகமே வெளியிட வேண்டும். கிசான் திட்டத்தின் பட்டியல் ஊர் வாரியாக இணையதளத்தில் இருக்கிறது. படித்த பிள்ளைகளிடம் சொன்னால் செல்போனில் எடுத்துத் தருவார்கள்.

வேறு விவரம் வேண்டுமா? ஒரு தாளில் கேள்வியை எழுதுங்கள். 10 ரூபாய் கட்டணம் சேர்த்து, அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குக் கொடுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அலுவலர் உதவ வேண்டும். இதுவும் சட்டம்தான்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பட்டியலைக் கேளுங்கள். திண்ணையில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி படியுங்கள். நிலம் இல்லாதவர் பெயர் இருக்கிறதா? உரிய விதவைத் தாயின் பெயர் விட்டுப்போயிருக்கிறதா? கூடியிருப்பவர்களே சொல்லிவிடுவார்கள்.

கையெழுத்துப் போட மட்டுமா எழுத்துக் கற்றீர்கள்? கணக்குப் பார்க்கவும்தான்!