உறக்கமும் நோவும்

நெஞ்சைத் திறந்து செய்யும் இருதய சத்திரசிகிச்சை என்றதும் பலர் அஞ்சுவது கத்திக்கே. ஆனால் கத்தி படும் வேளையில் நோயாளி ஒன்றும் அறியார். அவர் நோவை அறிவது கண் விழித்த பின்னரேயாம். வாளால் நெடுக அறுக்கப்பட்ட மார்பெலும்பு உருக்குக் கம்பிகளாற் பிணிக்கப்பட்டிருக்கும். நெஞ்சிலிருந்து நீரையும் குருதியையும் வடிக்கும் குழாய்கள் விலாவருகே உறுத்திக் கொண்டிருக்கும். அந்நிலையில் தாதி வந்து, "ஐயா, மூச்சை நன்றாக இழுத்து ஒருமுறை இருமுங்கள்" என்கிறார். அந்த ஓர் இருமல் மலையைப் புரட்டுவது போலாகி விடுகின்றது.

இருமாமலே இருந்துவிடலாமோ எனின், இயலாது. நோவுக்கு அஞ்சி மேலோட்டமாக மூச்சு விடுபவரின் நுரையீரலில் சளி தேங்கும், அடிப்பாகம் சுருங்கும், நியூமோனியாக் காய்ச்சல் உட்புகும். மோர்பீன் கொடுத்தால் நோவு தணியும் என்பது உண்மையே. ஆயினும் அதே மோர்பீன் மூச்சையும் மந்தமாக்கும், குமட்டலைத் தரும், முதியோரின் சித்தத்தைக் கலக்கும். 1960களின் இறுதியில் இருதய சத்திரசிகிச்சைக்கு மோர்பீனைப் பேரளவிற் கொடுக்கும் முறை தோன்றியது. இருதயம் அதனைத் தாங்கிக் கொண்டது. ஆனால் நோயாளி நெடுநேரம் இயந்திரத்தின் உதவியாலேயே மூச்சு விட வேண்டியதாயிற்று.

உறங்குபவருக்கு நோவில்லை என்பது பாதி உண்மைதான். 1846இல் பொஸ்ரன் நகரில் மோட்டன் என்பார் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கிக் காட்டினார். 1884இல் வியன்னாவில் கொல்லர் என்னும் இளம் வைத்தியர் கொக்கேயின் துளிகளாற் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்தார். முன்னது மூளையை உறங்க வைக்கும் வழி. பின்னது நரம்பு கொண்டுசெல்லும் செய்தியை இடைவழியில் மறிக்கும் வழி. இவ்விரண்டையும் ஒரே நோயாளியில் இணைக்க வேண்டுமென இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வற்புறுத்தியவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துச் சத்திரவைத்தியர் ஜோர்ஜ் கிரைல். மனிதர் உறங்கினும் வெட்டப்பட்ட இடத்திலிருந்து செய்தி மூளைக்குச் சென்றுகொண்டேயிருக்கும் என்பது அவர் கருத்து. அவர் கூறிய விளக்கங்கள் யாவும் பின்னாளில் நிலைக்கவில்லை. அவர் காட்டிய வழியோ நிலைத்தது.

எனினும் இருதயத்தைப் பொறுத்தவரை அவ்வழியில் ஒரு பெருந்தடை இருந்தது. முதுகெலும்பினுள்ளே, முண்ணாணைச் சூழ்ந்த உறைக்கு வெளியே நுண்குழாய் செலுத்தி மருந்தூட்டினால் நெஞ்சு முழுவதும் நன்றாக மரத்துப்போகும். ஆனால் இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் இயந்திரத்திடம் ஒப்படைக்கும்போது, குருதி உறையாதிருக்கும்படி ஹெப்பரின் மருந்து மிகுதியாகக் கொடுக்கப்படுகின்றது. அவ்வேளை முதுகினுள் ஒரு சிறு நாளம் கசிந்தாலும் குருதி திரண்டு முண்ணாணை அழுத்தலாம். கால்கள் வழங்காமற் போகலாம். இது மிக அரிதாக நிகழ்வதே. ஆயினும் இருதயத்தைச் செப்பனிட வந்தவரை நடக்கவியலாதவராக அனுப்ப எந்த வைத்தியர் துணிவார்?

ஆதலால் ஊசி முதுகெலும்பின் உள்ளிருந்து வெளியே நகர்ந்தது. காதுக்குக் கேளாத ஒலியலையைச் செலுத்தித் தசைகளைத் திரையிற் காணும் கருவி இதற்குக் கைகொடுத்தது. முதுகை நிமிர்த்தும் தசைக்கும் முள்ளெலும்பின் பக்கமுனைக்கும் இடையே மருந்தைப் பரப்பும் முறை 2016இல் வெளியிடப்பட்டது. மார்பெலும்பின் இரு மருங்கும், தசைப் படலங்களுக்கிடையே மருந்திடும் முறையும் உண்டு. அங்கே விலாநரம்புகளின் முன்கிளைகள் மேலெழுந்து தோலை நாடுகின்றன. பூப்பிவக்கேயின், ரோப்பிவக்கேயின் என்பவை இதற்கு வழங்கும் மருந்துகள். நோயாளி பொது மயக்கத்தில் இருக்கும்போதே ஊசி போடப்படுவதால், விழிக்கும் வேளையில் மருந்து தன் காவலைத் தொடங்கியிருக்கும்.

இதனை முழுக்காவல் என்று புகழ்வது மிகையாகும். மார்பெலும்பருகே இட்ட மருந்து விலாப்புறத்துக் குழாயின் உறுத்தலைத் தீர்க்காது; ஒட்டுப்போடுவதற்காக நாளம் எடுக்கப்பட்ட காலின் நோவையும் அறியாது. ஒருமுறை இட்ட ஊசியின் வலு சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஒரு நாளளவில் தேய்ந்துவிடும். அளவு மிஞ்சினால் இம்மருந்துகளே இருதயத்தின் துடிப்பைக் குலைக்கக்கூடும். ஆகவே நோயாளியின் நிறைக்கேற்ப அளந்தே இடுவர். வைத்தியர்கள் நடத்திய ஆய்வுகளிலும் முடிவு ஒருபடித்தானதன்று. நோவும் மோர்பீனின் தேவையும் குறைந்ததாகப் பல கூறும். வைத்தியசாலையில் தங்கும் நாட்களும் குறையுமோ எனின், அவை தம்முள் உடன்படுவதில்லை.

ஆயினும் முதல்நாள் மாலையில், நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு அந்த நோயாளி எழுந்து உட்காருகின்றார். தாதி மறுபடியும் கேட்கிறார். அவர் மூச்சை இழுத்து, முகஞ்சுளித்து, இருமுகின்றார்.