கீழ்ப்படிதலும் இருபது சிஸ்டர்களும்

போன வார எபிசோடோட எழுத்து வடிவம் இது. நான் இழுத்த "அது வந்து" எல்லாத்தையும் வெட்டியாச்சு.

சிவகாசி பக்கத்துல கன்னியாஸ்திரிகள் நடத்துன ஒரு பள்ளிக்கூடத்துலதான் நான் படிச்சேன். தீபாவளிக்கு மூணு மாசம் இருக்கும்போதே எங்க கிளாஸ்ல பெஞ்ச் காலியாக ஆரம்பிக்கும். வீட்டுல சரம் பின்ன ஆள் வேணும்ல? எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் சாயங்காலம் நேரா அந்த வீட்டுக்கே போய் உக்காந்துருவாங்க. திட்ட மாட்டாங்க. "நாளைக்கு அனுப்புறேன் சிஸ்டர்"னு அந்தம்மா சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க, அவ்வளவுதான். எங்க தெரு அக்கா ஒருத்தங்க அப்படித்தான் பத்தாவது முடிச்சாங்க.

நான் ஒன்பதாவது போன ஜூன்ல சிஸ்டர் இல்ல. வேற மாவட்டத்துக்கு மாத்தல். "அவங்க ஏன் முடியாதுன்னு சொல்லல?"ன்னு புதுசா வந்த சிஸ்டர்கிட்ட கேட்டேன். "நாங்க கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு குடுத்திருக்கோம்ப்பா"ன்னாங்க. அந்த வருஷ சீசன்ல காலியான ரெண்டு பெஞ்ச் அப்புறமும் காலியாவே இருந்துச்சு. எனக்கு அந்த வார்த்தைப்பாடு மேலயே கோவம்.

கீழ்ப்படிதல்னா கடைசி வரைக்கும் தலையாட்டுறதுதானா? இந்தக் கேள்வியோட தேடுனப்பதான் ஏலென் தெ ஷப்போத்தேன் கதை கிடைச்சுது. 1839-ல பிரான்ஸ்ல நாந்த் ஊர்ல, வசதியான குடும்பத்துல பிறந்தவங்க. 1864-ல மரி ரெப்பராட்ரிஸ் சபையில சேர்ந்து 'மேரி ஆஃப் தி பாஷன்'னு பேர் வாங்குறாங்க. அடுத்த வருஷமே, பயிற்சி முடியாத நவகன்னியா இருக்கும்போதே, மதுரை மிஷனுக்குக் கப்பல் ஏத்துறாங்க. சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் நாலு வருஷம் இருக்கு.

இயேசு சபைக் குருக்கள் கையில இருந்த அந்த மதுரை மிஷன் ரொம்பப் பெருசு, நம்ம கரிசக்காடும் அதுக்குள்ளதான் வருது. விருதுநகருக்கு அப்போ விருதுபட்டின்னு பேர். சிவகாசியில தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் வர அரை நூற்றாண்டுக்கு மேல ஆகும். ரெப்பராட்ரிஸ் சிஸ்டர்களுக்கு முக்கியமான வேலை, இங்கேயே உருவான உள்ளூர்க் கன்னியர் சபைக்குப் பயிற்சி கொடுக்குறது. டீச்சர்களுக்கே டீச்சர்னு வச்சுக்கோங்க. 1866-ல மதுரையில வார்த்தைப்பாடு எடுக்குறாங்க. 1867 ஜூலையில, 28 வயசுல, மூணு கான்வென்ட்டுக்கும் மாநிலத் தலைவி. எனக்கு அந்த வயசுல மூணு பேர் டீமையே ஒழுங்கா நடத்தத் தெரியல.

மிஷனுக்குள்ள ஏற்கெனவே மனஸ்தாபம் இருந்துச்சு. இவங்க வந்ததும் கொஞ்ச காலம் அடங்குச்சு, அப்புறம் முத்திப் போச்சு. 1876-ல இவங்களோட சேர்த்து சுமார் இருபது சிஸ்டர்கள் சபையை விட்டே வெளிய வந்தாங்க. போன இடம் ஊட்டி. அங்க 1874-லயே ஒரு வீடு தொடங்கியிருந்தாங்க, அது கோயம்புத்தூர் ஆயர் பார்து நிர்வாகத்துல வருது. மலை ரயில்லாம் அப்போ கிடையாது.

நம்ம ஆட்கள் ரீசைன் பண்ணா, அன்னைக்கே லிங்க்ட்இன்ல பழைய கம்பெனியப் பத்தி ஒரு பதிவு வரும். இவங்க நவம்பர்ல ரோமுக்குப் போனாங்க. இருபது பேரும் எந்தச் சபையிலயும் இல்லாம அந்தரத்துல நிக்குறாங்க, அதை முறைப்படுத்தணும். 1877 ஜனவரி 6-ல புதுச் சபை தொடங்க ஒன்பதாம் பயஸ் அனுமதி கொடுத்தார். இன்னைக்கு நாம எஃப்.எம்.எம். சிஸ்டர்ஸ்னு சொல்ற ஃபிரான்சிஸ்கன் மிஷனரிஸ் ஆஃப் மேரி அதுதான். சென்னையில ஸ்டெல்லா மாரிஸ்ல படிச்சவங்க கை தூக்குங்க. 1947 ஆகஸ்ட் 15 அன்னைக்கு அந்தக் காலேஜைத் தொடங்குனவங்க இவங்கதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுக்கப்புறம் வருது. 1883 மார்ச்ல, தான் தொடங்குன சபைக்கே தலைவியா இருக்கக் கூடாதுன்னு இவங்களைப் பதவியிலருந்து இறக்கிட்டாங்க. ஒரு தடவை இருபது பேரோட வெளிய வந்தவங்க, இந்தத் தடவை போகல. பதிமூணாம் லியோ விசாரணை வைக்கச் சொன்னார், இவங்க மேல தப்பில்லைன்னு முடிவாச்சு. 1884 ஜூலையில சிஸ்டர்களே திரும்பத் தேர்ந்தெடுத்தாங்க. 1904-ல இறந்தப்ப சபையில ரெண்டாயிரம் பேருக்கு மேல, 86 இல்லங்கள். 2002-ல அருளாளர் பட்டம்.

ரெண்டு தடவையும் அவங்க கீழ்ப்படிஞ்சாங்களா, மீறுனாங்களா? முதல் தடவை மீறல்தான்னு நான் நினைக்கிறேன். ஆனா மீறிட்டு ஒளியல, நேரா மேலிடத்துல போய் நின்னு கணக்கு சொன்னாங்க. ஒரு குறையும் இருக்கு எனக்கு. இந்தக் கதையில பிரெஞ்சு மதருக்கு, ஆயருக்கு, போப்புக்கெல்லாம் பேர் வருது. பயிற்சி எடுத்த தமிழ்ச் சிஸ்டர்கள் மட்டும் 'உள்ளூர்க் கன்னியர்'ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள போயிடுறாங்க.

எங்க பழைய சிஸ்டர் நம்பரைத் தேடிப் புடிச்சு, போன்ல இதைச் சொன்னேன். பொறுமையா கேட்டாங்க. "எனக்கும் அன்னைக்கு ரோமுக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்திருக்கலாம்ல நீ"ன்னு சிரிச்சாங்க. அப்புறம், "அந்த ரெண்டு பெஞ்சுல இருந்த பிள்ளைங்க பேர் என்னடா?"ன்னு கேட்டாங்க. ஒரு பேர்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. இன்னொண்ணை அவங்க சொன்னாங்க.