கடல் கடந்த கொழுக்கட்டை

இருபது ஆண்டுகள் கொல்கத்தாவில் வாழ்ந்தும், பௌஷ சங்கராந்திதோறும் டாலிகஞ்சில் எங்கள் அண்டை வீட்டார் அனுப்பும் 'பிட்டே' என்னும் பண்டத்தை என் அன்னையார் தொட்டதேயில்லை. "நம் கைப்பக்குவம் வருமா?" என்பார்.

சென்ற மார்கழியில் நண்பர் ஒருவர் ஜப்பானிலிருந்து 'மோச்சி' கொணர்ந்தார். வேகவைத்து இடித்த பசையரிசியினுள்ளே, சிவப்புப் பயற்றில் இனிப்புச் சேர்த்த பூரணம். ஒரு விள்ளல் உண்ட அன்னையார், "இது கொழுக்கட்டை அல்லவா! ஏலக்காய்தான் இல்லை" என்று வியந்தார். சோயாச் சாறு பூசிச் சுட்ட 'சென்பே' நம் தட்டையை நினைவூட்டிற்று. இலையையே பொடித்துக் கலக்கிய 'மாச்சா' தேநீர் முதலில் கைத்தது. இனிப்பை உண்டபின் அதனைப் பருகுவதே ஜப்பானியர் வழக்கம். அவ்வாறு செய்தபோது அக்கைப்பே இதமாயிற்று.

இக்கொடுக்கல் வாங்கல் புதிதன்று. ராஷ்பிகாரி போஸ், 1915-இல் ஜப்பானில் அடைக்கலம் புகுந்தார். டோக்கியோவில் 'நாகமுராயா' ரொட்டிக்கடைக் குடும்பத்தார் அவரை மறைத்துக் காத்தனர். அவர்தம் மகளை மணந்த போஸ், 1927-இல் அக்கடையில் இந்தியக் கறிச்சோறு இடம்பெறக் காரணமானார். 1945-இல் தாயகம் காணாமலே மறைந்தார். அவர் தந்த கறியோ இன்றும் அங்கே பரிமாறப்படுகிறது.

கடல் கடந்து வந்ததை உண்ட அன்னையார், தை பிறந்ததும் சுவருக்கு அப்பாலிருந்து வந்த பிட்டேயையும் உண்டார். உள்ளே தேங்காயும் ஈச்ச வெல்லமும்! "இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?" என்று என்னையே கடிந்துகொண்டார்.