செவி பிரித்த சொற்கள்



பழைய திரைப்பாடல்களைச் சொல் மாற்றிப் பாடுவதும், அவற்றின் பொருளை வேறாகக் கொள்வதும் நம்மிடையே பரவலாக உண்டு. பாமரர் பிழை என்று சிரித்து அதனை ஒதுக்கிவிடுகிறோம். அது முறையன்று என்பது என் கருத்து. அப்பிழையின் வேர் நம் மொழியின் இயல்பிலேயே உள்ளது. நம் இலக்கண ஆசிரியர்கள் அதனை அன்றே உணர்ந்திருந்தனர்.

எழுத்து வடிவில் ஒன்றுபோலவே அமையும் புணர்ச்சிகள் சில பொருளால் வேறுபடும் என்றும், அவ்வேறுபாடு ஒலிக்கும் இசையினால் விளங்கும் என்றும் தொல்காப்பியர் கூறுகிறார். 'செம்பொன்பதின்றொடி' என்பதை உரையாசிரியர்கள் இதற்குக் காட்டாகத் தருவர். 'செம்பொன்' என்று நிறுத்தினால் பத்துத் தொடி எடையுள்ள பொன். 'செம்பு' என்று நிறுத்தினால் ஒன்பது தொடி எடையுள்ள செம்பு. நிறுத்தம் சற்றே இடம் மாறினால் பொன் செம்பாகிவிடுகிறது!

பேச்சில் இந்நிறுத்தத்தைப் பேசுவோரே தம் கருத்துக்கேற்ப அமைத்துக்கொள்கின்றனர். பாட்டிலோ அவ்வுரிமை மெட்டுக்குப் போய்விடுகிறது. தாளம் விழும் இடத்தில் சொல் முறிகிறது; கார்வை நிற்கும் இடத்தில் குறில் நெடில்போல் நீள்கிறது. சீருக்காகச் சொல்லைப் பிளப்பதை யாப்பில் வகையுளி என்போம். ஏட்டிலுள்ள வகையுளியைக் கண் மீண்டும் படித்துச் சேர்த்துக்கொள்ளும். மெட்டு செய்யும் வகையுளியைச் செவி அந்த நொடியிலேயே சேர்த்தாக வேண்டும். இயலாதபோது அது தனக்குத் தெரிந்த சொல் ஒன்றை அவ்விடத்தில் வைத்துக்கொள்கிறது. ஆகவே, தவறாகக் கேட்பவரும் பொருள் தேடியே கேட்கிறார்.

பாடல்கள் வந்த வழியும் இதற்குத் துணைசெய்தது. நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழன்ற இசைத்தட்டில் ஊசியின் இரைச்சல் நுண்ணிய ஒலிகளை விழுங்கிற்று. 1952-இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைக் குறைத்தபோது நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். கடல் கடந்து வந்த சிற்றலை எழுந்தும் தேய்ந்தும் ஒலித்தது. 'மணம்' மனமாகவும், 'வழி' வலியாகவும் கேட்டதில் வியப்பென்ன? அன்று இவற்றைத் திருத்த உதவியவை திரையரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள். எழுத்தறிந்த ஒருவர் படித்துக்காட்ட, வீட்டிலுள்ளோர் அனைவரும் சரியாகப் பாடக் கற்றனர்.

சொல்லைச் சரியாகக் கேட்டும் பொருளைத் தவறவிடுவதுண்டு. 1944-இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' படத்தில் பாபநாசம் சிவன் இயற்றி, எம். கே. தியாகராஜ பாகவதர் பாடிய, மன்மதனின் லீலையைப் பற்றிய பாடலை எண்ணிப் பாருங்கள். தனியே கேட்பவர்க்கு அது காதலின் கொண்டாட்டம். படத்திலோ அது, பெற்றோரை மறந்து கணிகையின் மயக்கில் வீழ்ந்தவன் பாடும் பாட்டு. அவன் பின்னர் எல்லாம் இழந்து, மனந்திருந்தி, பெற்றோர்க்குத் தொண்டு செய்கிறான். கதையை அறியாதார்க்கு அப்பாட்டின் ஒரு பாதியே கிட்டுகிறது.

இதனால் இழப்பு யாருக்கு? பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இல், தம் 29ஆம் அகவையில் மறைந்தார். உழவர்க்கும் தொழிலாளர்க்கும் விளங்கவேண்டுமென்று எளிய சொற்களைத் தேர்ந்து பாடியவர் அவர். அத்தகைய கவிஞரின் ஒரு சொல் மாறினால், அவர் சொல்ல வந்த கருத்தே மாறிவிடும். மறுத்துரைக்க அவரும் இல்லை. இன்று பாடல் வரிகள் கைப்பேசியில் தேடிய நொடியில் கிடைக்கின்றன. ஆனால், செவிவழி எழுதிய ஒருவரின் பிழை பலரால் படியெடுக்கப்பட்டு, மூலமே போல நிலைத்துவிடுவதும் உண்டு. கவிஞர் பெயர் விடுபடுவதும் உண்டு.

உ. வே. சாமிநாதையர் சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கி 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவ்வுழைப்பில் ஒரு சிறு பங்கையேனும் நம் காலப் பாடல்களுக்குச் செலவிடலாகாதா? நம் வீட்டுப் பரண்களில் கிடக்கும் பாட்டுப் புத்தகங்களைத் திரட்டுவோம். அவற்றை இசைத்தட்டோடு ஒப்பிட்டு, கவிஞர் பெயரோடும் படத்தில் பாடல் வரும் சூழலோடும் எழுதிவைப்போம். மக்கள் மாற்றிப் பாடிய வடிவங்களையும் பாடபேதம் எனக் கீழே குறிப்போம். கவிஞர் எழுதியது எது, மக்கள் கேட்டது எது என்னும் இரண்டும் நமக்கு வேண்டும்.

பத்தாண்டு கண்ட இவ்விலக்கிய வட்டம் அடுத்த பத்தாண்டிற்குள் இப்பணியைத் தொடங்கிச் செவ்வனே முடிக்கவேண்டுமென வேண்டி அமைகிறேன்.