வினவிச் செல்லும் ஆணைகள்

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளை மோதியபொழுது, மாந்தர் உயிர்களுடன் ஏடுகளும் பத்திரங்களும் அழிந்தன. பதிவொன்றுக்கு வேறிடத்திலும் ஒரு பிரதி வேண்டும் என்பதை அந்நாள் உணர்த்திற்று.

அப்பணியை இன்று பாடசாலைக் கணினியே செய்யும். யுனிக்ஸ் முறைமையில் ஆணைகளை ஒரு கோப்பில் எழுதிவைத்தால், ஷெல் என்னும் நிரல் அவற்றை வரிசையாக நிறைவேற்றும். ஆயினும், 'புள்ளிப் பதிவேட்டை வேறு வட்டில் பிரதிசெய். இங்குள்ளதை அழி' என்று இரண்டே வரி எழுதுவது ஆபத்து. வட்டு நிறைந்து பிரதி தவறினும், ஷெல் அடுத்த வரிக்குச் சென்று மூலத்தை அழித்துவிடும்.

இதனைத் தடுப்பவையே கட்டுப்பாட்டுக் கட்டமைப்புகள். ஒவ்வோர் ஆணையும் முடியும்பொழுது ஓர் எண்ணை விட்டுச் செல்கின்றது. பூச்சியமாயின் வெற்றி, பிறிதாயின் தோல்வி. 'இஃப்' என்னும் சொல் அவ்வெண்ணையே வினவுகின்றது. வெற்றி எனின் அழிக்கலாம். இன்றேல் எச்சரிக்கை எழுதி நிற்கலாம். 'ஃபார்' என்பது ஒவ்வொரு வகுப்பின் பதிவேட்டுக்கும் இதனை மீண்டும் செய்விக்கும். 1979இல் வெளிவந்த ஸ்டீபன் போர்னின் ஷெல் இச்சொற்களை நிலைபெறச் செய்தது.

இச்சோதனைக்கு ஒரு பெயரிட்டால் அது செயற்கூறு ஆகும். பெயரைச் சொன்ன இடமெங்கும் அது நடைபெறும். ஆனால் செயற்கூறு, வேறு விதமாகப் பணிக்கப்படாவிடின், தன் இறுதி ஆணையின் எண்ணையே விடையாகத் தரும். இறுதியில் 'பணி முடிந்தது' என்று அச்சிடும் வரி இருப்பின், அச்சிட்டதே வெற்றியாகி, உள்ளே நேர்ந்த தோல்வி மறைந்துவிடும். ஆகவே, பிரதி தவறிய இடத்திலேயே தோல்வியெண்ணைத் திருப்பி அனுப்புமாறு எழுதுதல் வேண்டும். அப்பொழுதே மாணவரின் புள்ளிகள் மறுநாட் காலையிலும் இருக்கும்.